இஞ்ச மீன் இல்ல, ஒருத்தரும் வரண்டாம்

படகில் புதிதாக ஏறியிருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் ஆராய்ச்சி மேடம் சொல்லிவிட்டார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனிடம் எழுதச் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூன்று நாள் யோசித்தேன். நான் எதையாவது தப்பாக எழுதி, அதை நம்பி நீங்கள் கடலில் தப்பாகச் செய்து, அந்தப் பழி என் தலையில் விழுந்தால்? ஆகவே நான் சரியாகச் செய்த எதையும் எழுதப் போவதில்லை. தப்பாகச் செய்த ஒன்றைத்தான் எழுதுகிறேன். அதில் தப்பு வர வழியில்லை.

கடியப்பட்டணத்திலிருந்து வள்ளத்தைக் கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, தண்ணீருக்குள் மைக்கை இறக்கி, திமிங்கலங்கள் போடும் சத்தத்தைக் கேட்டு எழுதுவது நம் வேலை. எந்தப் பெட்டியில் எந்தப் பொத்தான் என்பதையெல்லாம் உங்களுக்கு லேப்டாப்பில் காட்டித் தருவார்கள். மைக் கட்டிய கயிற்றின் முடிச்சை மட்டும் நீங்களே மூன்று தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஐந்து தடவை பார்ப்பேன். உங்களுக்கு மூன்று போதும்.

சேர்ந்த முதல் வாரத்தில் ஹெட்போனில் ஒரு பெரிய உறுமல் கேட்டது. ‘திமிங்கலம், ஆண், கோபமாக இருக்கிறது’ என்று எழுதி வைத்தேன். மேடம் அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அண்ணே, இது கத்தாளை” என்றார். கத்தாளை மீன் கூட்டமாக இருந்தால் தண்ணீருக்கடியில் உறுமும். நாற்பது வருடமாக நான் குழம்பில் போட்டுத் தின்ற மீன். ஒரு நாளாவது அதன் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

“என்ன சத்தம்னு அப்புறமா எழுதலாம் அண்ணே. யாருக்காகப் போடுதுன்னு முதல்ல யோசிச்சுப் பாருங்க” என்று சொன்னார் மேடம். என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர். நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்தவர், பெரிய படிப்பு படித்தவர். எழுத்துப் பிழையை மட்டும் திருத்துவார், எழுதினவனைத் திருத்த மாட்டார்.

யாருக்காக என்று கேட்க ஆரம்பித்தபிறகு வேலை சுலபமாகிவிட்டது. நம் கடலில் இருக்கும் கூன்முதுகுத் திமிங்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றக் கடல்களில் இந்த இனம் குளிர்ந்த கடலில் ஆறு மாதம் தின்னும், பிறகு ஆயிரக்கணக்கான மைல் நீந்தி வெதுவெதுப்பான கடலுக்கு வந்து குடும்பம் நடத்தும். அரபிக்கடல்காரன் அப்படி அலைய மாட்டான். நம் ஊர்ப் பையன்கள் பக்கத்துத் தெருவிலேயே பெண் பார்ப்பதுபோல அவனுக்குத் தீனியும் கல்யாணமும் ஒரே கடலில். அதனால் இடத்தை வைத்து, இது தின்ன வந்ததா, ஜோடி தேடி வந்ததா என்று சொல்ல முடியாது. காதை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆண் பாடும். சத்தியமாகப் பாட்டுதான். முனகல், கூவல், கதவு கிறீச்சிடுவது போல ஒன்று, எல்லாம் ஒரு வரிசையில் வரும். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். மணிக்கணக்காகப் பாடும். பாடும்போது பெரும்பாலும் ஓரிடத்தில் அசையாமல் தொங்கிக் கிடக்கும், இரை எடுக்காது. பசியோடு பாடுகிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரை எடுக்கும்போது பாட்டு நின்றுவிடும். குட்டையான தட்டல், ஒரு முக்கல், அவ்வளவுதான். ஆழத்தில் வேட்டையாடும் இன்னொரு பெரிய இனம் உண்டு, அது ‘டிக், டிக்’ என்று தட்டிக்கொண்டே தேடும். இரை பக்கத்தில் வந்தால் தட்டல் தையல் மிஷின் வேகத்தில் ஓடி ஒரே கரகரப்பாகிவிடும். அப்போது கீழே ஒரு கணவாயின் கதை முடிந்தது என்று எழுதிக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் சின்னது தாயும் குட்டியும் பேசுவது. ஈரமான பலூனை விரலால் தேய்ப்பது போல இருக்கும். நீங்கள் எச்சில் விழுங்கினால் அதைத் தவறவிட்டுவிடுவீர்கள். பக்கத்தில் இருக்கும் சுறாவுக்குக் கேட்கக் கூடாது, பாடித் திரியும் ஆண்களுக்கும் கேட்கக் கூடாது என்பதற்காக அவ்வளவு அடக்கமாகப் பேசுகிறது என்று மேடம் சொன்னார். எந்தத் தொந்தரவுக்குத் தாய் அதிகம் பயப்படும் என்று கேட்டேன்.

“ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே” என்றார். மேடத்துக்கு அப்போது வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

மாசி மாதம், காலை ஒன்பது மணி இருக்கும். வள்ளத்தில் நானும் மேடமும் மட்டும். தெற்கே ஒருவன் நன்றாகப் பாடிக்கொண்டிருந்தான். அந்தப் பாட்டுக்குள்ளே, மிக அடியில், பலூன் தேய்க்கும் சத்தம் கேட்டது. மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று பருவம் கடலில் காத்திருந்து ஒரு தடவைகூட எங்களுக்குக் கிடைக்காத சத்தம் அது. கொஞ்ச நேரத்தில் தாய் மூச்சுவிட மேலே வந்தது. பக்கத்திலேயே ஒரு சின்ன மூச்சு. குட்டிக்கு இன்னும் சரியாக மூச்சுவிடத் தெரியவில்லை, தும்முவது போல விட்டது.

கிழக்கே இரண்டு மைலில் எங்கள் கரை வள்ளங்கள் பதினொன்று சாளை மீன் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று என் மனைவியின் தம்பி பெர்க்மான்ஸுடையது. நாங்கள் நெடுநேரமாக அசையாமல் கிடப்பதை அவன் கவனித்துவிட்டான். எல்லா வள்ளத்துக்கும் கேட்கும் வயர்லெஸ் கரகரத்தது.

“அத்தான், ஒரே எடத்தில கெடக்கியளே. என்ன, வலிய கோளா?”

நிறைய மீன் அகப்பட்டதா என்று கேட்கிறான். பதினொரு வள்ளம், அத்தனையிலும் வலை. இங்கே வந்து வலையை விட்டால் குட்டி அதில் சுற்றிக்கொள்ளும், தாய் குட்டியைத் தேடி வந்து அதுவும் சுற்றிக்கொள்ளும், வலையோடு வள்ளத்தையும் இழுக்கும், பெர்க்மான்ஸுக்கு ஏதாவது ஆனால் வீட்டில் எனக்குக் கஞ்சி கிடைக்காது. இத்தனையும் ஒரு நொடியில் மனதில் ஓட, பொத்தானை அழுத்தி அலறினேன்.

“இஞ்ச மீன் ஒண்ணும் இல்ல! ஒருத்தரும் வரண்டாம்!”

விரலை எடுக்குமுன்பே எனக்கு உறைத்துவிட்டது.

உங்களில் சிலர் மலைப்பக்கத்திலிருந்து வந்தவர்கள், தோவாளைப் பக்கத்துப் பிள்ளைகளும் இருக்கிறீர்கள். ஆகையால் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடலில் மீன் இருக்கும் இடத்தை யாரும் யாருக்கும் உண்மையாகச் சொல்வதில்லை. கூடப் பிறந்தவனிடமும் சொல்வதில்லை. மீன் இருந்தால் இல்லை என்போம், இல்லாவிட்டால் இருக்கிறது என்போம். இதில் கோபதாபம் கிடையாது. எல்லோரும் பொய் சொல்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் கணக்குச் சரியாக இருக்கும். நாற்பது வருடம் கடலில் கிடந்த நான், ‘இங்கே மீன் இல்லை, வராதீர்கள்’ என்று வயர்லெஸ்ஸில் கத்தினேன் என்றால், அது கோயில் மணி அடித்துக் கூட்டத்தைக் கூப்பிட்டதற்குச் சமம்.

பதினொரு வள்ளங்களின் மூக்கும் ஒன்றாகத் திரும்பின.

மேடம் பார்த்துக்கொண்டே இருந்தார். “அண்ணே, வரண்டாம்னுதானே சொன்னீங்க?”

“ஆமா மேடம்.”

“பின்ன ஏன் வாறாங்க?”

“வரண்டாம்னு சொன்னதுனால.”

எங்கள் வழக்கத்தை அவசரமாக விளக்கினேன். மேடம் படித்தவர், சட்டென்று பிடித்துக்கொண்டார். “அப்போ வாங்கன்னு சொல்லுங்க!”

சொன்னேன். “மக்களே, சாளை கொட்டிக் கெடக்கு, ஓடி வாங்கோ!”

வயர்லெஸ்ஸில் பெர்க்மான்ஸின் சிரிப்பு. “இப்பதான் இல்லேன்னு சொன்னீய, இப்ப கொட்டிக் கெடக்கா? ஒழுங்கா ஒரு கள்ளம் சொல்லத் தெரியல்ல எங்க அத்தானுக்கு! எல மக்கா, மனுசன் பதறுறாரு பாத்தியளா? முடுக்குங்கலே!”

பாதி வழியில் அவன் ஒரு கணம் எஞ்சினை நிறுத்தி, வள்ளத்தின் அடிப்பலகையில் காதை வைத்திருக்கிறான். தெற்கே பாடுகிறவனின் குரல் அவனுக்குக் கேட்டுவிட்டது. “கேட்டாச்சு அத்தான், கேட்டாச்சு! அடியில திமிங்கலம் கெடந்து கத்துது. சாளைய அள்ளித் தின்னுது!”

அவனைக் குறை சொல்ல முடியாது. கடலில் எங்கே இரைச்சலோ அங்கே தீனி என்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. பறவை கத்தினால் கீழே மீன். ஓங்கல், அதாவது டால்பின், துள்ளினால் கீழே மீன். சத்தம் போட்டால் பந்தி நடக்கிறது என்று அர்த்தம். திமிங்கலம் மட்டும் தின்னும்போது அடங்கி, பசியாக இருக்கும்போது பாடும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

பதினொரு எஞ்சினும் கிட்டே வந்தன. ஹெட்போனில் வேறு எதுவும் கேட்கவில்லை. மிக்ஸிக்குள் தலையை விட்டது போல இருந்தது. அப்போதுதான் மேடம் கையை நீட்டினார். எங்களுக்கு வலப்பக்கம் அந்தச் சின்ன மூச்சு தனியாக எழுந்தது. இடப்பக்கம், வெகுதூரத்தில், தாயின் மூச்சு. இரண்டுக்கும் நடுவே வள்ளங்கள் வரும் பாதை.

“அண்ணே, தாய் கூப்பிடுறது பிள்ளைக்குக் கேக்காது” என்றார் மேடம். அவர் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை. “அவ்வளவு மெதுவாத்தான் அதுக்குக் கூப்பிடத் தெரியும். இந்த எரைச்சல்ல பிள்ளை எந்தப் பக்கம் போகும்?”

பயப்படுகிறவர்களுக்கு ஒரு சொல். பயப்படுவதில் தப்பில்லை. நான் பயந்து பயந்துதான் இத்தனை வருடம் இந்த வேலையைச் செய்தேன். ஆனால் பத்துப் பயம் ஒன்றாக வரும்போது எதற்கு முதலில் பயப்படுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். வலை, வள்ளம், பெர்க்மான்ஸ், என் கஞ்சி எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்தேன். குட்டிக்குக் கேட்க வேண்டும். அதற்கு எஞ்சின்கள் நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

எப்படி நிறுத்துவது? உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இனி அவர்கள் நம்பும் சாட்சி ஒன்றுதான் பாக்கி, அவர்களுடைய காது. பொத்தானை அழுத்தினேன்.

“பெர்க்மான்ஸ், நீ கேட்டது தீனிச் சத்தமாலே? எனக்க மச்சினன் இவ்வளவு முட்டாளா? அது பெண்ணு தேடிப் பாடுகது. பந்தயம் வைப்பியா?”

“என்ன பந்தயம்?”

“நான் தோத்தா, இனி ஒரு மாசம் வயர்லெஸ்ல வாய் தெறக்க மாட்டேன்.”

வேறொரு வள்ளத்திலிருந்து யாரோ ஒருவர், “எல, இது நல்ல பந்தயமாக்கும், விடாத!” என்றார். பல குரல்கள் ஆமோதித்தன. நான் வயர்லெஸ்ஸில் காற்றைப் பற்றியும் மேகத்தைப் பற்றியும் எச்சரிக்கை சொல்லியே இவர்கள் பிராணனை எடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“அப்ப எல்லாரும் எஞ்சினை அணைச்சிட்டு அடிப்பலகையில காதை வையுங்கோ” என்றேன். “பாட்டு முடிஞ்சு, அதே பாட்டு ஆதியில இருந்து திரும்ப வருதான்னு மட்டும் கேளுங்கோ. தின்னுகவன் எவனாவது ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிப் பாடுவானா? நீ சோறு தின்னும்போ பாடுவியாலே?”

“எங்க அக்கா வெச்ச கறிக்கு அழத்தான் வரும்” என்றான் பெர்க்மான்ஸ். ஆனால் அவன் எஞ்சின் நின்றது. மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் பதினொரு வள்ளத்திலும் ஒரு முகத்தையும் காணவில்லை. எல்லோரும் குப்புறக் குனிந்து காதைப் பலகையில் வைத்திருந்தார்கள். மீதி உடம்பு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேடம் அந்தப் பக்கம் பார்க்காமல் பெட்டியைச் சரிபார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பத்து நிமிடம் போயிருக்கும், ஹெட்போனில் தாயின் சத்தம் இன்னும் வரவில்லை. வயர்லெஸ்ஸில் ஒரு குரல், “எல, ஆதியில இருந்து பாடுகாம்லே!”

இன்னொரு குரல், “பாவம். எத்தன வருசமா பாக்குகானோ.”

பெர்க்மான்ஸ் தோல்வியை ஒப்புக்கொள்ள வாயைத் திறந்திருப்பான். அப்போது அவன் வள்ளத்தை ஒட்டிக் குட்டி எழுந்து அவன் முகத்தில் மூச்சைத் தும்மியது. பிறகு அவன் குரல் வந்தது. பெர்க்மான்ஸ் வாழ்நாளில் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

“அத்தான்... குட்டி ஒண்ணு நிக்கி. தள்ளையக் காணல்ல.” தாயைக் காணோம் என்கிறான்.

“அதுக்குத்தான் நான் கெடந்து கத்துகேன். எஞ்சினை முடுக்காம, அனங்காம இரி. தள்ளை வரும்.”

இதோடு முடிந்திருந்தால் நான் கெட்டிக்காரன் என்று எழுதியிருக்கலாம். பெர்க்மான்ஸ் நல்ல மனசுக்காரன். அந்த நல்ல மனசோடு, நான் தடுக்குமுன், பொத்தானை அழுத்திக் கடல் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தான்.

“எல்லாரும் கேளுங்கோ! இஞ்ச மீன் இல்ல! ஒருத்தரும் வரண்டாம்!”

மேற்கே, பக்கத்துக் கரை வள்ளங்கள் ஏழெட்டு அதுவரை தங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. அத்தனையும் திரும்பின.

“எல பாவி!” என்று நான் வாயாலேயே கத்தினேன். அவனுக்கும் அந்தக் கணமே புரிந்துவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டு மறுபடியும் பொத்தானைப் பிடித்தான். இந்தமுறை அவன் மட்டுமில்லை, பதினொரு வள்ளக்காரர்களும் முறை வைத்து அழைத்தார்கள். “சாளை கொட்டிக் கெடக்கு மாமா, வாங்கோ!” “எங்களால அள்ள முடியல்ல, ஒரு கை பிடியுங்கோ!” “ஒங்களுக்கும் சேத்துத்தான் கர்த்தர் தந்திருக்காரு, வாங்கோ வாங்கோ!”

ஒருவன் பொய் சொன்னால் எங்கள் கடலில் திருப்பிப் போட்டுப் புரிந்துகொள்வார்கள். பதினொரு பேர் கூடி விருந்துக்கு அழைத்தால் கேலி என்று புரிந்துகொள்வார்கள். பக்கத்துக் கரைக்காரர்கள் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவற்றை இங்கே எழுதினால் மேடம் பேனாவால் அடித்துவிடுவார்.

ஒரே ஒரு வள்ளம் மட்டும் திரும்பவில்லை. நேராக, முழு வேகத்தில், எங்களை நோக்கி வந்தது.

அது மரியதாஸ் அண்ணனுடையது. பதினாறு வருடம் வளைகுடாவில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு அந்த வருடம்தான் கரைக்கு வந்தவர். அங்கே வயர்லெஸ்ஸில் ஃபோர்மேன் சொன்னால் அது அப்படியே நடக்கும். அந்தப் பழக்கத்தில், அழைத்தார்கள் என்று நம்பி, நன்றியோடு வந்துகொண்டிருந்தார். வள்ளத்தின் முன்னால் வலையைக்கூடப் பிரித்து வைத்துவிட்டார்.

“அவருட்ட உண்மையையே சொல்லலாமே அண்ணே” என்றார் மேடம். “அவருதான் சொன்னா நம்புவாரே!”

சொல்லியிருப்பேன். வயர்லெஸ்ஸில் எனக்கு இடம் கிடைத்தால்தானே? ஒரு சமயத்தில் ஒருவர்தான் அதில் பேச முடியும். இந்தப் பதினொரு பேரும் இன்னும் விருந்துக்கு அழைப்பதை நிறுத்தவில்லை. ருசி கண்டுவிட்டார்கள். நான் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். என் குரல் எதுவும் போய்ச் சேரவில்லை.

பெர்க்மான்ஸ் எழுந்து நின்றான். குட்டி அவன் வள்ளத்தின் நிழலிலேயே கிடந்தது. மரியதாஸ் அண்ணனின் எஞ்சின் சத்தம் ஏறிக்கொண்டே வந்தது. அவன் ஒரு கணம் யோசித்தான். பிறகு இடுப்பிலிருந்த லுங்கியை அவிழ்த்து, இரண்டு கையாலும் தலைக்குமேல் பிடித்து, வள்ளத்தின் மூக்கில் ஏறி நின்று வீசினான். உள்ளே கால்சட்டை போட்டிருந்தான், அந்த மட்டில் கர்த்தருக்கு நன்றி. மேடம் இந்தமுறை முகத்தைத் திருப்பவில்லை. “வீசுங்க அண்ணே, நல்லா வீசுங்க!” என்று அவரும் எழுந்து நின்று கத்தினார்.

லுங்கியை அவிழ்த்து வீசினால் உயிருக்கு ஆபத்து என்று அர்த்தம். அதில் மட்டும் எங்கள் கடலில் யாரும் பொய் சொல்வதில்லை. பதினாறு வருடம் வெளியே இருந்தவருக்கும் அது மறந்திருக்கவில்லை. மரியதாஸ் அண்ணன் எஞ்சினை அணைத்தார். அதைப் பார்த்து வயர்லெஸ்ஸில் அழைத்துக்கொண்டிருந்தவர்களும் நிறுத்தினார்கள். பன்னிரண்டு வள்ளங்களும் அலையில் சும்மா ஆடிக்கொண்டு கிடந்தன.

ஹெட்போனின் ஒரு காதை மேடம் வைத்துக்கொண்டார், மறு காதை நான். தெற்கே பாடிக்கொண்டிருந்தவன்கூட ஏனோ நிறுத்தியிருந்தான். தண்ணீர் பலகையில் தட்டும் சத்தம் மட்டும். நான் எச்சில் விழுங்கவில்லை.

இடப்பக்கத்திலிருந்து அது வந்தது. ஈரமான தேய்ப்பு, ஒரே ஒரு தடவை. பிறகு ஒன்றுமில்லை. மேடத்தின் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. நான் எண்ணவில்லை, எண்ணினால் பயம் கூடும். மறுபடியும் அது வந்தது, கொஞ்சம் கிட்டத்தில். மறுபடியும் ஒன்றுமில்லை.

அப்புறம், பெர்க்மான்ஸின் வள்ளத்துக்கு நேர் அடியிலிருந்து, அதைவிடச் சின்னதாகப் பதில் போயிற்று.

குட்டியின் முதுகு ஒருமுறை புரண்டு, தாயின் குரல் வந்த பக்கமாக உள்ளே இறங்கியது. பெர்க்மான்ஸ் கையில் லுங்கியோடு, கால்சட்டையோடு, நாங்கள் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டே நின்றான். என்ன ஆயிற்று என்று கேட்க அவன் வாய் திறந்தது, மூடிக்கொண்டது. வயர்லெஸ் என் மடியில் கிடந்தது. நான் அதைத் தொடவில்லை. கையை மட்டும் உயர்த்தி, தாய் இருந்த பக்கத்தைக் காட்டினேன்.